மலைநாட்டில் டேர்போ காரின் பூஸ்ட் சிக்கல்: எந்தச் சோதனை முதலில், எந்தக் கொன்ட்ரோலர் பிறகு?

கொழும்பில் பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் டேர்போ கூட்டும் அழுத்தம்) 14 பி.எஸ்.ஐ. காட்டிய கார் நுவரெலியாவிலும் அதே 14-ஐத்தான் காட்டுகிறது. ஆனால் இழுவை இல்லை. இன்னொரு கார் மேலே நன்றாக ஓடுகிறது; கினிகத்தேனை இறங்கி கித்துல்கலைப் பக்கம் வந்ததும், முழு வேகம் கொடுக்கும்போது பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் வெட்டுகிறது. மூன்றாவது காரில் கம்பளையில் பூஸ்ட் சரி, இறம்பொடை ஏற்றத்தில் பாதி வழி போனதும் குறைகிறது. மூன்றுக்கும் பெரும்பாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "டேர்போ போய்விட்டது, பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் ஒன்று பாருங்கள்." மூன்றிலும் டேர்போ நன்றாகவே இருக்கலாம். முதல் காரில் பழுது என்று ஒன்றே இல்லாமலும் இருக்கலாம்.

மாற்றியமைத்த காரில் பூஸ்ட் பிசகும்போது கையில் உள்ள பணத்தை எங்கே முதலில் போடுவது என்பதுதான் இங்கே கேள்வி. காற்றழுத்திக் கசிவு பார்ப்பதா, ஸ்பிரிங் சோதனையா, டேட்டா பதிவா, சாமானை மாற்றிப் பார்ப்பதா, கொழும்புக்கு இறக்கி, எஞ்சின் வலுவை அளக்கும் டைனோவில் ஏற்றுவதா? பழுது தீர்ந்த பிறகு இன்னொரு தெரிவும் இருக்கிறது: மலையும் கடற்கரையும் மாறி மாறி ஓடுகிற காருக்கு, பூஸ்ட் அளவைக் கட்டுப்படுத்தும் எந்த வகைக் கொன்ட்ரோலர் பொருந்தும்?

முதலில் மலையின் பங்கைக் கழித்துவிடுங்கள்

கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. அட்டனில், ஏறத்தாழ 1,270 மீற்றரில், அது 12.6. நுவரெலியாவில், 1,868 மீற்றரில், 11.7 அளவுதான். வேஸ்ட்கேட் என்பது புகையை டேர்போவுக்குள் போகாமல் கடத்தி பூஸ்டுக்கு எல்லை போடும் கதவு; அதைத் தண்டால் திறப்பது அக்சுவேட்டர். அக்சுவேட்டரின் டயபிரமுக்கு (ரப்பர் சவ்வுக்கு) ஒரு பக்கம் பூஸ்ட், மறுபக்கம் ஸ்பிரிங்கும் வெளிக்காற்றும். ஆகவே வெளிக்காற்றை விட எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே அதற்கு உணரத் தெரியும். சாதாரண பூஸ்ட் கேஜும் அப்படித்தான். எஞ்சினுக்கோ உள்ளே வருகிற முழு அழுத்தம், அதாவது வெளிக்காற்றும் பூஸ்டும் சேர்ந்த தொகை, அதுதான் கணக்கு. கொழும்பில் 14.7-உம் 14-உம் சேர்ந்து 28.7. நுவரெலியாவில் 11.7-உம் 14-உம் சேர்ந்து 25.7. கேஜில் ஊசி அசையவில்லை, காற்றில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. முதல் காரின் கதை இவ்வளவுதான்.

இரண்டாவது காரும் இதே கணக்கின் மறுபக்கம். எஞ்சினுக்குள் வரும் அழுத்தத்தை அளக்கும் மெப் சென்சரை வைத்து, எல்லை மீறினால் எரிபொருளை நிறுத்துகிற (ஃபியூவல் கட்) ஈ.சி.யூ., அதாவது எஞ்சினின் கணினி, முழு அழுத்தத்தைத்தான் பார்க்கிறது. அதன் எல்லை 27 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 14 பூஸ்டில் 25.7-க்கு மேல் போகாது, வெட்டும் வராது. 1,000 மீற்றர் அளவுக்குக் கீழே இறங்கியதும் அதே 14 எல்லையைத் தாண்டுகிறது. மேலே வைத்துத் திருகிய பூஸ்ட் கொன்ட்ரோலர் கீழே வந்து மாட்டிக்கொள்வது இப்படித்தான். எரிபொருளிலும் இதே பொறி உண்டு: நுவரெலியாவில் 92 ஒக்டேனில் சத்தமில்லாமல் ஓடிய அமைப்பு அவிசாவளையில் தட்டத் தொடங்கும், அதாவது எரிபொருள் நேரம் தவறி வெடித்து எஞ்சினில் தட்டும் சத்தம் வரும்.

வக்கியூம் கேஜை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐடிலில் கீழே 18 முதல் 20 அங்குலம் காட்டும் நல்ல எஞ்சின், 6,000 அடிக்கு மேலே 12 முதல் 14 அங்குலம்தான் காட்டும். இதைப் பார்த்து கஸ்கட் கசிகிறது, வால்வு போய்விட்டது என்று ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை.

காசே இல்லாத முதல் சோதனை இது: எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஒன் செய்து, மெப் சென்சர் என்ன சொல்கிறது என்று ஸ்கேனரில் பாருங்கள். நுவரெலியாவில் 81 கிலோபாஸ்கலுக்குக் கிட்ட, அட்டனில் 87-க்குக் கிட்ட, கடற்கரையில் 101. நுவரெலியாவில் நின்றுகொண்டு 95 காட்டினால் சென்சரே பொய் சொல்கிறது. அதை வைத்து எடுக்கிற எந்த முடிவும் பிழைதான். கடற்கரை அழுத்தத்தைப் பூச்சியமாக நிலைநிறுத்தி விற்கிற சில மின் கேஜ்கள் எஞ்சின் நின்றிருக்கும்போதே மேலே மைனஸ் 3 காட்டும். அப்படியானால் அது காட்டுகிற ஒவ்வொரு பூஸ்ட் எண்ணுடனும் 3-ஐக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும்.

காற்றழுத்திக் கசிவு பார்த்தல்: இதற்குத்தான் முதலிடம்

மாற்றியமைத்த காரில் டேர்போக் காற்றை ஆறவைக்கும் கூடுதல் இன்டர்கூலர், அலுமினியம் பைப், சிலிக்கன் ஹோஸ் என்று தொழிற்சாலை போடாத மூட்டுகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். பூஸ்ட் குறைவு, தாமதமாக ஏறுதல், ஊசி ஆடுதல் ஆகிய மூன்றுக்கும் அங்கேதான் பெரும்பாலும் காரணம் கிடக்கிறது. இந்தச் சோதனைக்கான கருவியை ஹாட்வெயார் கடைச் சாமானிலேயே செய்துவிடலாம் என்பது அடுத்த வசதி.

டேர்போவின் உள்வாயில் பொருந்தும் சிலிக்கன் துண்டு ஒன்று, அதன் மறுமுனைக்குத் தடித்த பி.வி.சி. எண்ட் கேப் ஒன்று. கழிவுநீர்க் குழாயின் மெல்லிய மூடி வேண்டாம், தண்ணீர் அழுத்தக் குழாயின் மூடிதான் தாங்கும். மூடியின் நடுவில் 11.5 மி.மீ. துளை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வை உள்ளிருந்து இழுத்துப் பொருத்துங்கள். பிறகு கொம்ப்ரசர், அதோடு கட்டாயம் ஒரு ரெகுலேட்டர், பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீர் ஒரு போத்தல்.

1. எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும், கியர் நியூட்ரலில். ஏர் ஃபில்டர் பைப்பைக் கழற்றி மூடியை டேர்போ வாயில் இரண்டு கிளிப்பால் இறுக்குங்கள். உள்ளே போகும் காற்று பிஸ்டனைத் தள்ளி எஞ்சினைச் சற்றுச் சுழற்றக்கூடும் என்பதால் பெல்ட் பக்கம் கை வேண்டாம்.

2. ரெகுலேட்டரை 5 பி.எஸ்.ஐ.யில் வைத்துத் திறந்து காதால் கேளுங்கள். பெரிய கசிவு இந்த அளவிலேயே சீறும்.

3. இரண்டு இரண்டாக ஏற்றி, கார் ஓடும் பூஸ்ட் அளவு வரை போங்கள். 15-க்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். 63 மி.மீ. மூடியை 15 பி.எஸ்.ஐ. கிட்டத்தட்ட 33 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். மூடிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

4. மூட்டு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் அடியுங்கள்: இன்டர்கூலரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு மடித்துச் சேரும் விளிம்பு, புளோ-ஒஃப் வால்வின் அடிக்கஸ்கட், த்ரொட்டில் தண்டின் இரு முனைகள், இன்ஜெக்டர் ரப்பர் வளையங்கள், பிரேக் பூஸ்டர் ஹோஸின் ஒருவழி வால்வு, பெட்ரோல் ஆவிக் கனிஸ்டருக்குப் போகும் வால்வு.

5. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து கேளுங்கள். அங்கே பலமாகக் காற்று வந்தால் எஞ்சின் அடிப்பகுதி ஆவியை உள்ளிழுக்கும் ஒருவழி வால்வு (பி.சி.வி.) சரியாக மூடவில்லை. சைலன்சர் வழியாகச் சத்தம் வந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் இரு வால்வுகளும் சற்றுத் திறந்திருக்கின்றன. காற்றை விட்டுவிட்டு கிராங்கைக் கால் சுற்றுச் சுழற்றி மறுபடி பாருங்கள்.

வேஸ்ட்கேட் ஹோஸைக் கழற்றாமல் இதைச் செய்தால் இன்னொரு சோதனையும் இலவசமாகக் கிடைக்கிறது. அழுத்தம் ஸ்பிரிங்கின் அளவைத் தொட்டதும் அக்சுவேட்டர் தண்டு கண்முன் நகர வேண்டும். 7 பி.எஸ்.ஐ. ஸ்பிரிங் என்று வாங்கியது 4-லேயே நகர்ந்தால், பிற்பாடு வரப்போகும் பூஸ்ட் குறைவுக்குக் காரணம் அப்போதே தெரிந்துவிட்டது. 12 வரை போயும் அசையாவிட்டால் ரோட்டில் மிதிக்கவே வேண்டாம்: ஹோஸ் அடைபட்டிருக்கிறது, டயபிரம் கிழிந்திருக்கிறது, அல்லது கதவு துருவிலோ கரியிலோ இறுகிவிட்டது.

சொட்டுக் கசிவு எல்லாக் காரிலும் இருக்கும். கொம்ப்ரசரை நிறுத்தியதும் அழுத்தம் ஒரேயடியாக விழுகிறதா, மெல்ல இறங்குகிறதா என்பதைப் பாருங்கள். கடின ரப்பர் ஹோஸில் உள்ள வெடிப்பு 10 பி.எஸ்.ஐ.க்குப் பிறகுதான் வாய் திறக்கும். புகை மெஷின் இங்கேதான் தோற்கிறது. அது ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ.யில்தான் புகையை ஊதும். நுண்ணிய வக்கியூம் கசிவுக்கு அது அருமை, பூஸ்டில் மட்டும் திறக்கும் வெடிப்பு அதற்குத் தெரியாது.

கசிவை எஞ்சின் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்பது எந்தக் கார் என்பதைப் பொறுத்தது. இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ்., லான்சர் எவலூஷன் போன்றவற்றில் காற்றளவி டேர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அளந்த காற்று வெளியே போய்விடுவதால் பெட்ரோல் அதிகமாகி, மிதிக்கும்போது கரும்புகை வரும். ஸ்டார்லெட் கிளான்ஸாவின் 4ஈ-எஃப்.டி.ஈ. எஞ்சின் மெப் சென்சரை வைத்து ஓடுவது. அதில் கரும்புகையை எதிர்பார்க்காதீர்கள். பூஸ்ட் தாமதமும் சீறலும்தான் அடையாளம்.

ஸ்பிரிங் சோதனை: கொன்ட்ரோலரை வழக்கிலிருந்து விலக்குதல்

கசிவு இல்லை என்று உறுதியான பிறகுதான் இது. சொலினொயிட் (அக்சுவேட்டருக்குப் போகும் காற்றை மின்சாரத்தால் வழிமாற்றும் வால்வு), பூஸ்ட் கொன்ட்ரோலர், டி-இணைப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, டேர்போ கொம்ப்ரசர் வாயிலுள்ள நிப்பிளிலிருந்து அக்சுவேட்டருக்கு ஒரே ஹோஸை நேராகப் போடுங்கள். வெளி வேஸ்ட்கேட் என்றால் கீழ் நிப்பிளுக்கு. மேல் நிப்பிள் திறந்தபடி. கழற்றிய மற்ற ஓட்டைகளை மூடாமல் விட்டால் நீங்களே புதிய கசிவு செய்தவர் ஆவீர்கள்.

ஏற்றத்தில் 3ஆம் கியரில் 2,500 ஆர்.பி.எம்.மிலிருந்து முழு மிதி. மலைநாட்டின் ஒரே தயவு இது: ஏற்றமே சுமையைக் கொடுப்பதால் அதிக வேகம் போகாமலே முழு பூஸ்ட் வந்துவிடும். நேரான, ஆளில்லாத துண்டில், ஈரமில்லாத தரையில், நாலைந்து வினாடிகளுக்கு மேல் வேண்டாம். ஓட்டுபவர் கேஜைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், அல்லது போனில் படம்பிடித்துப் பிறகு பாருங்கள். எதிர்பார்த்ததைவிட 3 பி.எஸ்.ஐ. கூடினால் உடனே காலை எடுக்க வேண்டும்.

ஸ்பிரிங் அளவுக்கு ஒன்று கூடக்குறைய வந்து அங்கேயே நின்றால் டேர்போவும் வேஸ்ட்கேட்டும் நலம். குற்றவாளி கழற்றி வைத்த சாமான்களில் இருக்கிறது.

ஸ்பிரிங் அளவைத் தொட்டுவிட்டு ஆர்.பி.எம். ஏற ஏற பூஸ்டும் ஏறிக்கொண்டே போனால் அது கிரீப். வேஸ்ட்கேட் முழுக்கத் திறந்தும் புகையைக் கடத்தப் போதவில்லை. பெரிய டவுன்பைப், திறந்த சைலன்சர் போட்ட கார்களில் சகஜம். இதற்கு உலகத்தில் எந்தக் கொன்ட்ரோலரும் மருந்தில்லை, ஏனெனில் கொன்ட்ரோலரால் வேஸ்ட்கேட்டை மூடி வைக்கத்தான் முடியும், இருக்கிற துளையைப் பெரிதாக்க முடியாது. முதலில் டவுன்பைப்பைக் கழற்றி, கதவு முழுக்கத் திறக்க இடம் இருக்கிறதா, கஸ்கட்டோ வெல்டிங் விளிம்போ இடிக்கிறதா என்று பாருங்கள். இடம் இருந்தும் கிரீப் என்றால் துளையைப் பெரிதாக்குவது அல்லது வெளி வேஸ்ட்கேட். அக்சுவேட்டர் தண்டைக் கண்டபடி இறுக்கிவிட்ட கார்களிலும் இது வரும். தண்டு தளர்வாக இருக்கும்போது கதவை மூடிப் பிடித்தால், தண்டின் கண் ஊசிக்கு ஒன்றிரண்டு மி.மீ. முன்னால் நின்று இழுத்து மாட்டும்படி இருப்பது போதும். அதற்கு மேல் இறுக்கினால் தொடக்க அழுத்தம் கூடும், ஆனால் கதவு திறக்கும் தூரம் குறைந்துவிடும்.

ஸ்பிரிங் அளவைத் தொடவே இல்லையென்றால், அல்லது தொட்டுவிட்டு மேல் ஆர்.பி.எம்.மில் விழுந்தால், கதவு சரியாக மூடவில்லை, வெடித்திருக்கிறது, அல்லது சைலன்சர் பக்கம் அடைப்பு. கதவின் கையைக் கையால் ஆட்டிப் பாருங்கள். டேர்போவுக்குப் பிறகு உள்ள ஒட்சிசன் சென்சர் துளையில் அழுத்தக் கேஜை மாட்டி, 2,500 ஆர்.பி.எம்.மில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் கட்டலிட்டிக் கொன்வேட்டரைச் சந்தேகியுங்கள்.

அக்சுவேட்டரை மட்டும் தனியே பார்க்க, கேஜ் உள்ள கைப்பம்ப் போதும். தண்டு அசையத் தொடங்கும் அளவைக் குறித்துக்கொண்டு, ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். ஊசி இறங்கினால் டயபிரம் கிழிந்துவிட்டது. டயர் கடைக் காற்றை ரெகுலேட்டர் இல்லாமல் நேரே கொடுத்தால், நல்ல டயபிரமையும் நீங்களே கிழித்துவிடுவீர்கள்.

ஸ்பிரிங் சோதனை எல்லாக் காருக்கும் பொருந்தாது. ஹொண்டா சிவிக் 1.5 டேர்போ போல மோட்டரால் வேஸ்ட்கேட்டை அசைக்கும் கார்களில் ஹோஸும் இல்லை, இந்தச் சோதனையும் இல்லை. அவற்றுக்குக் கசிவு பார்த்ததும் நேரே ஸ்கேனர்தான்.

டேட்டா பதிவு: கேள்வி தெளிவானால் மட்டும் பதில் தரும்

ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு பி0299 என்றால் பூஸ்ட் குறைவு, பி0234 என்றால் அதிகம். குறியீடு இதற்கு மேல் எதுவும் சொல்லாது. சொலினொயிட்டை மாற்று என்று அது சொல்லவில்லை. வேண்டியது ஒரே நேரத்தில் ஐந்து கோடுகள்: ஆர்.பி.எம்., மெப், த்ரொட்டில் திறப்பு, சொலினொயிட் டியூட்டி (அதற்கு மின்சாரம் கொடுக்கும் நேரத்தின் சதவீதம்), உள்காற்றின் வெப்பம். காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் இருந்தால் அதையும் சேருங்கள்.

டியூட்டி 90 சதவீதத்தில் நிற்க பூஸ்ட் ஏறவில்லை என்றால், ஈ.சி.யூ. கேட்கிறது, இரும்பு கொடுக்கவில்லை. கசிவு, கதவு, அடைப்பு ஆகியவற்றுக்குத் திரும்புங்கள். டியூட்டி பூச்சியத்துக்கு வந்தும் பூஸ்ட் அதிகம் என்றால் ஹோஸ் கழன்றது அல்லது கிரீப். டியூட்டியும் பூஸ்டும் மாறி மாறி அலையடித்தால் கட்டுப்பாட்டின் திருத்த அளவு கூடிவிட்டது, அல்லது ஹோஸ் நீண்டுவிட்டது. சொலினொயிட்டை அக்சுவேட்டர் பக்கம் கொண்டுவந்து ஹோஸைக் குறுக்கினாலே பாதி அடங்கும். மிதி முழுக்க இருக்க த்ரொட்டில் மட்டும் பாதியில் மூடினால், ஈ.சி.யூ.வே வேண்டுமென்று குறைக்கிறது. ஏன் என்பதைத் தேடுங்கள்.

இறம்பொடைக் காரின் வழக்கு இந்தப் பதிவில்தான் தீரும். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 1,400 மீற்றர் ஏற்றம், பெரும்பகுதி 2ஆம் 3ஆம் கியரில். சுமை அதிகம், வேகம் குறைவு, இன்டர்கூலருக்குக் காற்று இல்லை. அதன்மேல், குறைந்த வெளிக்காற்றை அதே அழுத்தத்துக்கு நெருக்க டேர்போ கூடுதலாகச் சூடாக்குகிறது. உள்காற்று 60 பாகையைத் தாண்டினால் பல ஈ.சி.யூ.க்கள் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து பூஸ்டையும் குறைக்கும். எஞ்சினுக்கு மேலே இன்டர்கூலர் உள்ள இம்ப்ரெசாவில் இது இன்னும் மோசம். பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிட்டு மறுபடி ஓட்டியபோது பூஸ்ட் திரும்பினால், டேர்போவை விட்டுவிட்டு காற்றுத் தடுப்புத் தகட்டையும் இன்டர்கூலரையும் கவனியுங்கள்.

காரின் தரவைப் போனில் காட்டும் மலிவான எல்ம் 327 அடாப்டர் போதுமா? ஈ.சி.யூ. கேன் என்ற வேகமான தரவு இணைப்பு மூலம் பேசும் புதிய கார்களுக்குப் பெரும்பாலும் போதும். கே-லைன் என்ற மெதுவான இணைப்புள்ள பழைய கார்களில் அது வினாடிக்கு ஒருசில எண்களைத்தான் எடுக்கும். அரை வினாடிக்குள் வந்துபோகும் தாவல் அதன் இடைவெளியில் தொலைந்துவிடும். கிளான்ஸா போன்ற 90களின் ஜப்பான் கார்களில் அது இணையவே இணையாது. அவற்றுக்கு உச்ச அளவை நினைவில் வைக்கும் கேஜும், படம்பிடிக்கிற போனும்தான் பதிவுக் கருவி.

சாமான் மாற்றிப் பார்ப்பதும் டைனோவும்

பழைய சொலினொயிட்டைக் கழற்றிவிட்டு வேறொரு பழைய சொலினொயிட்டை மாட்டிப் பார்ப்பது, தெரியாத ஒன்றை இன்னொரு தெரியாததால் அளப்பது. மாற்றுவதானால் ஹோஸ்களை மாற்றுங்கள்: 4 மி.மீ. உள்விட்டமுள்ள நல்ல சிலிக்கன் ஹோஸ் மூன்று மீற்றரில் பெரும்பாலான கார்களின் கட்டுப்பாட்டு வழி முழுதும் புதிதாகும். மீன்தொட்டி ஹோஸ் வேண்டாம். எஞ்சின் சூட்டில் அது இளகி நிப்பிளிலிருந்து நழுவும், நழுவுவது அக்சுவேட்டர் ஹோஸ் என்றால் பூஸ்டுக்கு எல்லையே இராது. தோட்டப் பக்கம் நிறுத்தும் கார்களில் எலி கடித்த இடத்தையும் தேடிவிடுங்கள்.

பழைய ஹோஸை எறியுமுன் உள்ளே விரலால் அழுத்திப் பாருங்கள். சுபாருவிலும் எவலூஷனிலும் ஹோஸுக்குள் ஒரு சிறு உலோகக் குண்டு, ஏறத்தாழ 1 மி.மீ. துளையோடு, ஒளிந்திருக்கும். சொலினொயிட் வெளியேற்றும் காற்றைவிட அதிகம் அக்சுவேட்டருக்குப் போகாமல் தடுப்பது அதுதான். புது ஹோஸ் போட்ட நாளிலிருந்து பூஸ்ட் ஸ்பிரிங் அளவைத் தாண்டவில்லை என்றால் அந்தக் குண்டு குப்பைத்தொட்டியில் இருக்கிறது. அது அடைபட்டிருந்தால் நேரெதிர்: பூஸ்ட் எகிறும்.

சொலினொயிட்டைப் பரிசோதிக்க மல்ட்டிமீட்டரும் வாயும் போதும். சாதாரணமாக 20 முதல் 35 ஓம் வரை காட்டும். எல்லையற்றது என்றால் சுருள் அறுந்தது. 12 வோல்ட் தொட்டதும் 'டிக்' என்று கேட்க வேண்டும். 'டிக்' கேட்பது மட்டும் போதாது. மின்சாரம் உள்ளபோதும் இல்லாதபோதும் ஊதிப் பார்த்து, வழி உண்மையில் மாறுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். எண்ணெய்ப் பசை பிடித்தவை சத்தம் போடும், வழி மாற்றாது.

டைனோவைப் பற்றிச் சுருக்கமாக: அது டியூன் செய்யும் இடம், பழுது தேடும் இடமல்ல. கொழும்பில் முழுக் காற்றழுத்தத்தில், பெரிய காற்றாடிக்கு முன்னால், இறம்பொடையில் வரும் சிக்கல் வராது. மேலே அளந்தால் உயரத்துக்கான திருத்தக் கணக்கு டேர்போ எஞ்சினுக்கு உள்ளதைவிட அதிகக் குதிரைவலுவைக் காட்டும், ஏனெனில் அந்தச் சூத்திரம் டேர்போ இல்லாத எஞ்சினுக்கு எழுதப்பட்டது.

ஆக, கசிவுச் சோதனை, ஸ்பிரிங் சோதனை, பதிவு என்ற வரிசைக்கே எங்கள் வாக்கு. முதல் இரண்டும் ஒரு சனிக்கிழமைக்குள் முடிகிற வேலை.

மலையும் கடற்கரையும் ஓடுகிற காருக்கு எந்தக் கொன்ட்ரோலர்?

பந்தும் ஸ்பிரிங்கும் உள்ள கைத்திருகுக் கொன்ட்ரோலர் மலிவு, வயர் இல்லை, பூஸ்ட் விரைவாக ஏறும். வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதையே இது பிடிப்பதால் மேலே 3 பி.எஸ்.ஐ. இழப்பைப் பேசாமல் ஏற்றுக்கொள்கிறது, டேர்போவை வதைப்பதில்லை. பக்கத்தில் ஊசித்துளை ஒன்று உள்ளதை வாங்குங்கள். பந்துக்கும் அக்சுவேட்டருக்கும் இடையில் சிக்கிய காற்று அதன் வழியாகத்தான் போகும். துளை அடைபட்டால் கால் எடுத்த பிறகும் கதவு திறந்தே கிடந்து, அடுத்த மிதியில் பூஸ்ட் சோம்பும். இதன் குறை, ஃபியூவல் கட், தட்டல் எதையும் அறியாத ஊமைச் சாமான் என்பதுதான். திருகுவதைக் கீழே வைத்துத் திருகுங்கள்.

3-போர்ட் சொலினொயிட்டை ஈ.சி.யூ.வோடு இணைத்து, நிலையான டியூட்டியில் ஓட்டுவது மலைநாட்டுக்கு மிக மோசமான தெரிவு என்பது எங்கள் கருத்து. ஒரே டியூட்டி அடர்ந்த காற்றில் அதிக பூஸ்ட் தரும். சித்திரை மாத மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்காக நுவரெலியாவில் டியூட்டியை ஏற்றிவிட்டு, அதே டியூனோடு கொழும்புக்கு இறங்குகிற கார் இறங்க இறங்க ஆபத்தை ஏற்றுக்கொண்டே போகிறது.

அதே சொலினொயிட்டை, பூஸ்டை அளந்து திருத்தும் முறையில் ஓட்டினால் நல்லது. ஆனால் இலக்கு எதில் என்று கேளுங்கள். முழு அழுத்தத்தில் இலக்கு வைத்தால் ஈ.சி.யூ. மேலே இழந்த 3 பி.எஸ்.ஐ.யையும் ஈடுகட்டப் பார்க்கும். கொழும்பில் 28.7 என்றால் கொம்ப்ரசர் காற்றை 1.95 மடங்கு நெருக்குகிறது. நுவரெலியாவில் அதே 28.7-க்கு 2.45 மடங்கு. பெரிய டேர்போ தாங்கும். தொழிற்சாலைச் சிறு டேர்போ தன் எல்லையைத் தாண்டிச் சுழன்று, சூடான காற்றைத் தள்ளி, கடைசியில் பி0299-ஐயும் போடும். சிறு டேர்போவுக்கு வெளிக்காற்று அழுத்தத்துக்கேற்ப இலக்கைத் தாழ்த்தும் அட்டவணை கேளுங்கள்: 1,800 மீற்றரில் கேஜ் பூஸ்ட் கடற்கரையில் இருந்த அதே அளவு, அதற்கு மேல் இல்லை. வயரிங்கைவிட முக்கியம் ஹோஸ் வழி: மின்சாரம் அறுந்தால் கொம்ப்ரசர் நேரே அக்சுவேட்டருக்குத் திறக்கும்படி மாட்ட வேண்டும். மாட்டுமுன் ஊதிப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

தனிப்பெட்டிக் கொன்ட்ரோலர்கள், புரொஃபெக், ஈ.வி.சி., ஏ.வி.சி.-ஆர் போன்றவை, ஈ.சி.யூ.வைத் தொட முடியாத பழைய ஜப்பான் கார்களுக்குப் பொருந்தும். எச்சரிக்கை பூஸ்டை நிரப்பி வைக்கும் வசதி உள்ளவற்றில் அதை முதல் நாளே நிரப்புங்கள். பழையதாக வாங்கினால் சொலினொயிட்டை வாங்குமுன் ஊதிப் பாருங்கள், பெட்டியின் பளபளப்பு எதற்கும் சாட்சியல்ல.

எதைத் தெரிந்தாலும் ஸ்பிரிங் அளவின் இரட்டிப்புக்கு மேல் பூஸ்ட் கேட்காதீர்கள். 7 பி.எஸ்.ஐ. அக்சுவேட்டரில் 18 கேட்டால் மேல் ஆர்.பி.எம்.மில் புகையே கதவைத் தள்ளித் திறந்துவிடும். அப்போது கொன்ட்ரோலரை மாற்றிப் பயனில்லை, 10 பி.எஸ்.ஐ. அக்சுவேட்டர் போடுங்கள்.

புதிதாக அமைத்த நாளில் மேலேயும் கீழேயும் ஒவ்வொரு முறை அளக்க வேண்டும். மேலே வேலை முடிந்த காரென்றால் இலக்கில் 3 பி.எஸ்.ஐ.யைக் குறைத்துவிட்டு இறங்குங்கள். கம்பளையில் ஒரு பதிவு, அவிசாவளை தாண்டி இன்னொரு பதிவு, இரண்டும் 95 ஒக்டேனில். அவற்றைப் பார்த்த பிறகு ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யாக ஏற்றலாம்.